வியாழன் வீட்டின் பதினோராவது டப்பா

காரைக்குடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவளுக்கு வருகிற வேலையெல்லாம் கல்யாண வேலைதான். மாப்பிள்ளை சிங்கப்பூரில் உண்மையிலேயே கப்பல் கம்பெனியில் இருக்கிறாரா, இல்லை கரையில் நின்று கப்பலை வேடிக்கை பார்க்கிறாரா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். தீபலட்சுமிக்கு அது அலுத்துப்போய் வெகு காலமாயிற்று. அதனால்தான் அன்று காலை போனில் அந்தக் குரலைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"தீபாவா? டைரக்டர் சிவபிரகாஷ் பேசுறேம்மா. வீட்டுல ஒரு திருட்டு. களவு போனதோட அருமை உன்னைவிட்டா இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. உடனே வா."

எதிர் மேசையில் சமோசாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தாஹா நிமிர்ந்தான். அவளுடைய உதவியாளன். வயது இருபத்தாறு, வாய்க்கு மட்டும் அறுபது.

"என்னக்கா, எந்திரிச்சு நிக்கிறீக? கலெக்டரா?"

"அதுக்கும் மேல. வண்டியை எடு."

டைரக்டர் வீடு இருந்த செக்காலைக்குப் போகும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவனுக்கு 'வியாழன் வீடு' கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். முப்பது வருடங்களுக்கு முன்னால் வியாழக்கிழமை தோறும் டிவியில் வந்த விண்வெளித் தொடர். வியாழன் கோளைச் சுற்றிவரும் ஒரு நிலையம். அதில் குடியிருக்கும் மனிதர்கள். அமராவதிபுதூரில் பூட்டிக்கிடந்த ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டுக்குள்தான் மொத்தத்தையும் எடுத்தார்கள். தேக்குத் தூண்களுக்கு வெள்ளித்தாள் சுற்றி, பெல்ஜியம் நிலைக்கண்ணாடி ஒன்றை விண்வெளியைப் பார்க்கும் ஜன்னலாக்கி, எதிரே கறுப்புத் துணியில் குட்டி பல்புகளைத் தைத்துத் தொங்கவிட்டால் நட்சத்திரங்கள் தயார்.

"அஞ்சாம் வகுப்பு படிக்கிறப்ப அப்பாவோட ஹெல்மெட்ல சாக்லேட் தாளை ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். பதினோராவது எபிசோடுல கேப்டன் நிலவரசி மாடியிலேர்ந்து பறந்து வருவா பாரு..."

"அப்புறம்?"

"அப்புறம் நிஜத்துல விழுந்துட்டாக. இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல. நடிச்ச புஷ்பவள்ளி அம்மாவையே டைரக்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. ஊரே கையெடுத்துக் கும்பிட்டுச்சு."

தாஹா ஒரு மினி பஸ்ஸை முந்தினான். "நம்ம ஆபீஸைத் திறந்துவைச்சவரும் இவர்தானே?"

"அவரேதான்."

சிவபிரகாஷ் வாசலிலேயே நின்றிருந்தார். எழுபதை நெருங்கும் வயது; கட்டம் போட்ட சட்டை, தலையில் விளிம்பு வளைந்த தொப்பி. அந்தத் தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் ஊரில் குறைவு. நேராக ஒரு சின்ன ஏசி அறைக்குக் கூட்டிப்போனார். இரும்பு அலமாரியில் வட்டவட்டமான தகர டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு எண். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம்.

"இதெல்லாம் ஒரிஜினல் நெகட்டிவ். அப்ப டிவியில நீங்க பாத்தது இதோட நிழல். இந்த ஃபிலிமுக்குள்ள இருக்கிறதை எந்த வீட்டு டிவியும் காட்டினதில்ல. இப்ப சென்னைக் கம்பெனி ஒண்ணு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஹெச்டியில கொண்டுவரப் போகுது. வர்ற திங்கக்கிழமை டப்பாக்களை அனுப்பணும்."

"சாம்பிளுக்கு மூணாவது எபிசோடை மட்டும் ஏற்கெனவே பண்ணிட்டாகல்ல சார்? குரூப்ல பாத்தேன்," என்றாள் தீபா.

பார்க்காமல் இருப்பாளா? ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அதற்கு ஒரு போரே நடந்திருந்தது. இத்தனை தெளிவு எதற்கு, வியாழன் கோள் என்று நம்பியது பெயின்ட் அடித்த பணியாரச் சட்டி என்று தெரிந்துவிட்டதே, நம் பிள்ளைப் பருவத்தைக் கெடுக்காதீர்கள் என்று ஒரு கூட்டம். சட்டியாக இருந்தாலும் அதைச் செய்தவனின் கை தெரிகிறதே, இதைத்தானே பார்க்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம். நடுவில் யாரோ கூர்ந்து பார்த்துவிட்டு, கண்ணாடி ஜன்னலில் ஒருவர் டீத் தட்டோடு நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பழைய ஒளிபரப்பில் அது வெறும் சாம்பல் நிறத் திட்டு. ஹெச்டியில் கிளாசின் நுரைகூடத் தெரிந்தது. வியாழனில் டீக்கடை வந்துவிட்டது என்று குரூப்பே சிரித்தது. அது நடந்த மறுநாள்தான் டப்பா காணாமல் போயிருக்கிறது.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா சார்?"

சிவபிரகாஷ் அறைக்கதவைச் சாத்தினார். "சொல்லக் கூச்சமா இருக்கு. வேல்பாண்டி. புஷ்பாவோட அண்ணன். அந்த ஷாட்டுக்குக் கயிறு கட்டினவன். பாதுகாப்புக்கு விட்ட ரெண்டாவது கம்பியோட கொக்கியை மாட்ட மறந்துட்டான். மெயின் கயிறு அறுந்தப்ப அந்தக் கம்பி தாங்கியிருக்கணும். தாங்கல. அன்னைக்கே அவனை விரட்டிட்டேன். இதெல்லாம் வெளியவே வரக்கூடாதுன்னு போன மாசம் சென்னைக்கே போன் பண்ணிச் சண்டை போட்டிருக்கான்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சக்கர நாற்காலி உள்ளே வந்தது. புஷ்பவள்ளிக்கு நரை அழகாக வந்திருந்தது. மடியில் காபித் தட்டு.

"கதவைச் சாத்திக்கிட்டு யாரைத் திட்டுறீக?" என்று கணவரைப் பார்த்துச் சிரித்தார். தீபாவிடம் காபியை நீட்டினார். "கண்டுபிடிச்சுக் குடுத்துரும்மா. ஒளிபரப்பானப்ப நான் மதுரை ஆஸ்பத்திரில மயக்கத்துல கிடந்தேன். அப்புறம் கேசட்ல போட்டாக, வெள்ளையா ஏதோ ஒண்ணு குறுக்க போச்சு, அம்புட்டுதான். பறந்தது நான். அதை நல்லா ஒரு தடவை பாக்கணும்னு ஆசையா இருக்கு."

"உங்க அண்ணன்..." என்று தீபா இழுத்தாள்.

அந்த முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "எனக்கு அண்ணன்னு யாரும் இல்ல," என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனார்.

வேல்பாண்டியின் இடத்தைத் தானே காட்டுவதாக சிவபிரகாஷ் காரை எடுத்தார். தெருமுனையில் இறக்கிவிடுவாராம், உள்ளே வரமாட்டாராம். காரில் ஏறியதும் தாஹா மூக்கைச் சுருக்கினான்.

"என்ன சார், ஊறுகாய் வாடையா வருது?"

"ஜாடி சாஞ்சிருச்சுப்பா," என்று அவர் கண்ணாடிகளை இறக்கினார். அமராவதிபுதூர் வரைக்கும் நாலு ஜன்னலும் திறந்தே இருந்தன.

வேல்பாண்டி போர்வெல் மோட்டார் தூக்கிக்கொடுக்கும் தொழில் செய்துகொண்டிருந்தார். முன்னாலிருந்த மணலில் இரும்பு முக்காலியும் சங்கிலிகளும் கிடந்தன. கயிறு உரசிக் காய்த்துப்போன உள்ளங்கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். டைரக்டர் அனுப்பினார் என்றதும் உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார்.

"பறக்கிற எபிசோடோட டப்பாவைக் காணோம்ணே," என்றாள் தீபா. எண்ணை வேண்டுமென்றே விட்டுவிட்டாள்.

"பதினாலா?" என்றார் வேல்பாண்டி. "பதினாலாம் நம்பர் டப்பாவையா காணோம்? நான்தானே சிவப்புப் பெயின்ட்ல நம்பர் போட்டேன்."

தீபா தாஹாவைப் பார்த்தாள். தாஹா கூரையைப் பார்த்தான்.

"அதைத் தெளிவாக்கக் கூடாதுன்னு சண்டை போட்டீகளாமே?"

"போட்டேன். இன்னமும் போடுவேன். அது மங்கலாவே இருந்துட்டுப் போகட்டும்மா. மங்கலா இருக்கிறவரைக்கும்தான் எல்லாருக்கும் நிம்மதி." சங்கிலியை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். "நல்லாத் தேடிப் பாருங்க. பழைய ஃபிலிம் ஒளியாது. கெட்டுப்போக ஆரம்பிச்சா காடி மாதிரிப் புளிச்ச வாடை அடிக்கும். எந்த மூலையில வெச்சாலும் காட்டிக்குடுத்துரும்."

பேருந்து நிறுத்தத்தை ஒட்டியிருந்த கடையில் டீ சொல்லிவிட்டு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, அந்த ஆளு பதினாலுன்னு சொன்னது நடிப்பா இருக்காதா?"

"இருக்காது. ஷூட்டிங் பண்ணினப்ப அது பதினாலுதான். விபத்துக்கு அப்புறம் கதையை முன்ன பின்ன மாத்திட்டாக. நிலவரசி மயக்கத்துல படுத்திருக்கிற மாதிரியே மிச்சக் கதை ஓடும். அதனால பறக்கிற எபிசோடு பதினொண்ணா முன்னால வந்துருச்சு, டப்பாவுலயும் புது நம்பர் போட்டிருக்காக. அன்னைக்கே விரட்டப்பட்ட மனுசனுக்கு அது தெரியாது. அந்தத் தொடரை அவர் பாக்கவே இல்ல தாஹா. தேடி வந்திருந்தா பதினாலைத்தான் தூக்கியிருப்பாரு. பதினாலு அலமாரியில பத்திரமா இருக்கு."

"அப்ப தூக்கினது தொடரைப் பாத்த யாரோ ஒருத்தர். அதாவது தமிழ்நாட்டுல பாதிப் பேரு."

"வாடையை மறந்துட்டியே."

தாஹாவின் கையிலிருந்த கிளாஸ் பாதி வழியில் நின்றது. "யக்கா. ஊறுகாய்!"

தீபா கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டில் சாக்லேட் தாளை ஒட்டிக்கொண்டு ஓடிய சிறுமி அவளுக்குள் எங்கேயோ நின்றுவிட்டாள். டைரக்டர் அவள் ஆபீஸுக்கு ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலை இன்னும் மேசை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தாள். இருக்காது என்று மனம் சொன்னது. கல்யாணத் துப்பில் அந்த வார்த்தையை எத்தனையோ தாய்மார்கள் அவள் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். இருக்காதும்மா, பையன் அப்படிப்பட்டவன் இல்லை என்று. ஒருவர் சொன்னதும் பலித்ததில்லை.

"அவருக்கு எதுக்குக்கா அவரோட டப்பாவையே திருடணும்?"

"தெரியல. ஆனா கண்ணாடியில டீக்காரரைப் பாத்து ஊரெல்லாம் சிரிச்ச மறுநாள்தான் டப்பா காணாமப் போயிருக்கு. பதினோராவது எபிசோடுலயும் அந்தக் கண்ணாடி இருக்கு. வா, முதல்ல டப்பாவைப் பாப்போம். காரோட டிக்கியைத் திறக்க வைக்கணும். கேட்டா திறக்க மாட்டாரு."

"கேக்கவே வேணாம்க்கா," என்று தாஹா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "டயர்கிட்ட நான் கொஞ்சம் தனியாப் பேசிக்கிறேன்."

பஸ் பிடித்து செக்காலைக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வேல்பாண்டியின் வாக்குமூலம் கிடைத்துவிட்டது, உங்கள் காரிலேயே போய் ஒரு இடத்தைச் சோதிக்க வேண்டும் என்று தீபா சொன்னதும், சிவபிரகாஷ் சாவியை எடுத்துக்கொண்டு உற்சாகமாக வந்தார். காரின் பின்பக்க டயர் தரையோடு தரையாக அமர்ந்திருந்தது. தாஹா பக்கத்தில் நின்று, இழவு வீட்டுக்கு வந்தவன் முகத்தோடு தலையை ஆட்டினான்.

"பஞ்சர் சார். விடுங்க, அஞ்சு நிமிசம். ஸ்டெப்னியை மாட்டிருவேன். டிக்கியைத் திறங்க."

"வேணாம் வேணாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கலாம்."

"ஸ்டெப்னி மாட்ட மெக்கானிக்கா? எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா என்னையச் சேர்த்துக்க மாட்டாரு சார்."

"ஸ்டெப்னியும் பஞ்சர்ப்பா."

"போன வாரம்தானே புதுசு வாங்கினீக?" சாய்வுப் பாதையின் மேலிருந்து குரல் வந்தது. புஷ்பவள்ளி சக்கர நாற்காலியில் வந்து நின்றிருந்தார். "எடுத்துக் குடுங்களேன், பையன் மாட்டட்டும்."

சிவபிரகாஷ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். தாஹா மரியாதையாக அதை அவர் விரல்களிலிருந்து எடுத்தான். டிக்கி திறந்தது. பாய்விரிப்பை விலக்கினான். புதுச் சக்கரத்தின் குழிக்குள், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, ஒரு வட்ட டப்பா. புளிப்பு வாடை எல்லோர் முகத்திலும் அடித்தது.

"ஜாடி ரொம்ப நல்லாவே சாஞ்சிருக்கு," என்றான் தாஹா.

புஷ்பவள்ளி கணவரைப் பார்த்தார். "என்னங்க இது?"

சிவபிரகாஷ் சட்டென்று சிரித்தார். "கண்டுபிடிச்சிட்டாளே! எல்லாம் விளம்பரம் புஷ்பா. தொலைஞ்சுபோன எபிசோடு கிடைச்சதுன்னா பேப்பர்ல வரும்ல? கம்பெனிக்கு ஒரு பரபரப்பு. தீபா, உன் பேரும் வரும்."

நம்பியிருக்கலாம். தீபா நம்பவும் விரும்பினாள். ஒரு நொடி அவள் கை டப்பாவை அவரிடமே நீட்டக்கூடத் தொடங்கியது.

"அப்ப இப்பவே போட்டுப் பாத்துரலாமே," என்றார் புஷ்பவள்ளி. "வியூவர் உள்ளதானே இருக்கு? எனக்குத் திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்காது."

"அது நெகட்டிவ் புஷ்பா. கண்ணுக்கு ஒண்ணும் புரியாது."

"என் போன்ல நெகட்டிவ்வை நேராக்கிக் காட்டுற வசதி இருக்கு சார்," என்றான் தாஹா. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சொன்னதில் கிண்டல் இல்லை.

தீபா ஓரமாகப் போய் வேல்பாண்டிக்குப் போன் செய்தாள். டப்பா கிடைத்துவிட்டது, நீங்கள் எடுக்கவில்லை என்று உங்கள் தங்கைக்கு நேரில் தெரியட்டும், வாருங்கள் என்றாள். எதிர்முனையில் சங்கிலி கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு, "வாரேன்," என்றார்.

வியூவர் என்பது கைப்பிடி சுற்றும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே விளக்கு, மேலே ஒரு கண்ணாடிச் சதுரம். தாஹா அதன் மேல் போனைப் பிடித்துக்கொண்டான். தீபா மெதுவாகச் சுற்றினாள். போன் திரையில் வெள்ளித் தூண்கள் வந்தன. நட்சத்திரங்கள் வந்தன. மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல், கைகளை விரித்தபடி, இருபது வயதுப் புஷ்பவள்ளி நின்றாள்.

"அய்யோ," என்றார் சக்கர நாற்காலியில் இருந்த புஷ்பவள்ளி. வாயைப் பொத்திக்கொண்டார். "எவ்வளவு ஒல்லியா இருக்கேன்!"

முதுகிலிருந்து மெல்லிய கோடு ஒன்று மேலே போனது. ஒன்றுதான். பின்னால், விண்வெளி ஜன்னலாக நின்ற பெரிய கண்ணாடியில் எதிர்ப்பக்க மாடி முழுவதும் விழுந்திருந்தது. தீபா சுற்றுவதை நிறுத்தினாள். தாஹா படத்தைப் பெரிதாக்கினான்.

கண்ணாடிக்குள் மாடித் தாழ்வாரத்தில் ஒரு ஆள் குனிந்திருந்தார். கட்டம் போட்ட சட்டை. விளிம்பு வளைந்த தொப்பி. தோளில் சுருட்டிய கம்பி. கையில், அப்போதுதான் கழற்றிய கொக்கி.

தீபா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"வேல்பாண்டி மறக்கல," என்றாள் தீபா. அவள் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. "மாட்டினதை நீங்க கழட்டிட்டீக."

சிவபிரகாஷ் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கம்பியில லைட் பட்டு மின்னுச்சு. ரெண்டு கம்பி ஃபிரேம்ல தெரிஞ்சா சிரிப்பாங்களேன்னு... ஒரே ஒரு ஷாட். மெயின் கயிறு நல்லாத்தான் இருந்துச்சு."

"டிவியில ஒரு கம்பியும் தெரியலயே சார். நான் பாத்தேனே. எதுவுமே தெரியல. ரெண்டும் இருந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

அவர் மேசையிலிருந்த தொப்பியை நேராக்கி வைத்தார்.

"கம்பெனிக்காரங்ககிட்ட அந்த இடத்தை மட்டும் அழிக்கச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டான் தாஹா.

"அழிக்கிறவன் முதல்ல பாப்பான்லப்பா."

"எரிச்சிருக்கலாம்."

"முடியல." அவர் கண் திரையில் நின்ற பெண்ணின் மேலேயே இருந்தது. "நான் எடுத்ததுலயே நல்ல ஷாட் அது."

தீபாவுக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் போனால் ராத்திரி தூக்கம் வராது. "அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீக சார்? மதுரையில பெரிய ஏஜென்சி இருக்கு. அவுகளைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"அவங்க உத்துப் பாப்பாங்க," என்றார் சிவபிரகாஷ். "உனக்கு இந்தத் தொடர் பிடிக்கும். பிடிச்சவங்க உத்துப் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ரிப்பன் வெட்டிய அன்று, எங்க ஊருக்கு ஒரு கேப்டன் கிடைச்சிட்டா என்று எல்லோர் முன்னாலும் சொன்ன வாய் இது.

புஷ்பவள்ளி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வேல்பாண்டி வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரலாமா என்று யாரிடம் கேட்பதென்று தெரியாதவர்போல் துண்டைக் கையில் முறுக்கினார்.

"வாங்கண்ணே," என்று தீபா ஓடிப்போய் அழைத்து வந்தாள். இந்த ஒரு காரியமாவது நல்லபடியாக முடியட்டும் என்றிருந்தது அவளுக்கு. "பாருங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இத்தனை வருசம் சுமந்தீகளே, இதோ சாட்சி."

வேல்பாண்டி திரையைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார். தங்கை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் புஷ்பவள்ளி தாஹாவிடம். "கண்ணாடியில கீழ் ஓரத்துல ஒரு ஆள் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுல்ல. அதைப் பெருசாக்கு."

தாஹா பெரிதாக்கினான். இரண்டு கையாலும் மெயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இளைஞன் வேல்பாண்டி நின்றிருந்தான். பார்வை பறக்கப்போகும் தங்கையின் மேல் இல்லை. முகம் நன்றாக மேலே திரும்பியிருந்தது, கொக்கியோடு குனிந்திருந்த மனிதரை நோக்கி.

"அண்ணே," என்றார் புஷ்பவள்ளி. முப்பது வருடத்தில் அவர் அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. "எங்க பாக்குறீக?"

வேல்பாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தேன் ஆத்தா. கழட்டுறதைப் பாத்தேன். கத்த வாயெடுத்தேன். ஷாட் போகுது, சும்மா இருன்னு கையைக் காட்டினாக. சும்மா இருந்துட்டேன்."

"சரி. அது ஒரு நிமிசம். அதுக்கப்புறம் முப்பது வருசம்?"

"நீ ஆஸ்பத்திரில கிடந்தப்ப இவுக வந்தாக. நான் ஜெயிலுக்குப் போயிட்டா புஷ்பாவை யாரு பாப்பா, நானே கட்டிக்கிறேன், காலம் பூரா வெச்சுக் காப்பாத்துறேன், நீ உன் பேர்ல ஏத்துக்கன்னாக. எந்திரிக்க முடியாத பிள்ளையை எவன் கட்டுவான்னு நானும்..." துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

தீபா ஓரடி பின்வாங்கினாள். நல்லது செய்வதாக நினைத்து அவள்தான் இவரைக் கூப்பிட்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிருக்கீக," என்றார் புஷ்பவள்ளி. குரலை உயர்த்தவே இல்லை. "எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அம்மா செத்தப்ப நீங்க வாசல்ல நின்னீக. உள்ள விடாதீகன்னு நான் கத்தினேன். அப்பக்கூட நின்னுட்டுப் போயிட்டீகளே, பாவி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பிடிச்சு அழ எனக்கு ஒரு ஆள் இருந்திருக்கும்."

"புஷ்பா," சிவபிரகாஷ் ஒரு அடி முன்னால் வந்தார். "இத்தனை வருசத்துல நான் உன்னை ஒரு நாளாவது..."

"ஒரு குறையும் வைக்கல. அதுதான் இப்ப எனக்குப் புரியல. தினமும் தலை வாரிவிட்டீகளே, அது அன்பா, பயமா? இனிமே நான் அதை எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது?"

அவர் முன்வைத்த அடியைப் பின்னால் எடுத்தார்.

புஷ்பவள்ளி தீபாவிடம் கையை நீட்டினார். "சென்னை நம்பர் உன்கிட்ட இருக்கும்ல? போடு. எல்லாரும் கேக்கட்டும்."

இரண்டாவது மணியிலேயே ஒரு இளைஞனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. பதினோராவது டப்பா கிடைத்துவிட்டது என்றதும் மகிழ்ச்சியில் கத்தினான். புஷ்பவள்ளி மேடமே பேசுகிறார் என்று தெரிந்ததும் அவனுக்குக் குரல் குழறியது.

"மேடம், அந்த ஃப்ளையிங் ஷாட்டைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. ஒண்ணும் கவலைப்படாதீங்க. பழைய படங்கள்ல கம்பி தெரியும், கண்ணாடியில யூனிட் ஆளுங்க தெரிவாங்க. அதெல்லாம் கம்ப்யூட்டர்ல சுத்தமா அழிச்சிடுவோம். அப்படி ஒண்ணு இருந்ததாவே தெரியாது."

சிவபிரகாஷ் நிமிர்ந்தார். தரையில் இருந்த வேல்பாண்டியும் நிமிர்ந்தார். இருவர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு வெளிச்சம் வந்ததை தீபா பார்த்தாள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

புஷ்பவள்ளியும் அதைப் பார்த்தார். ஒருவர் மாற்றி ஒருவராக, நிதானமாக, இரண்டு பேரையும் பார்த்தார்.

"கண்ணாடியைத் தொடாதீங்க தம்பி," என்றார். "அதுல மேல ஒருத்தர் இருப்பாரு, கீழ ஒருத்தர் இருப்பாரு. ரெண்டு பேர் முகமும் நல்லாத் தெரியணும்."

"சரி மேடம். அப்ப கம்பியை மட்டும்..."

"அதையும் அழிக்காதீங்க. ஒண்ணுதான் இருக்கும். எண்ணிப் பாக்கட்டும்."